கைகாட்டியும் வாசிப்புப் பூட்டும்

பண்டாரவளைக்கு 1894ஆம் ஆண்டிலேயே வந்துவிட்ட புகையிரதம், எஞ்சிய மலைகளைக் கடந்து பதுளையை அடைய 1924 வரை காலம் எடுத்தது. போடப்பட்டதோ ஒற்றைப் பாதை. எல்லவிலிருந்து ஒரு வண்டியும் தெமோதரையிலிருந்து ஒரு வண்டியும் ஒரே வேளையில் புறப்பட்டால் நிகழக்கூடியதை நேயர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில் 1874இல் அவ்வாறே இரு வண்டிகள் மோதி இருபத்தைந்து பேர் மாண்டனர். அதன் பின்னர், 1878இல், எட்வர்ட் டையர் வகுத்ததே டேப்லட் முறை. மலைநாட்டுப் பாதையில் நெடுங்காலம் கைக்கொள்ளப்பட்டதும் இதுவே. அடுத்தடுத்த இரு நிலையங்களின் பொறிகளும் மின்கம்பியாற் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு வட்டத் தகடு வெளியே உள்ளவரை மற்றொன்று வெளிவராது. தகடு இன்றிச் சாரதி வண்டியை எடுக்கலாகாது.

கணனிக்கும் இதே இடர் உண்டு. பணிசெயல் முறைமையின் கருவில் பல வேலைகள் ஒரே தரவை நாடி ஓடுகின்றன. அவற்றை ஒழுங்குபடுத்த 1960களில் ஒல்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா ஒரு சாதனம் வகுத்து, அதற்குப் புகையிரதக் கைகாட்டியின் பெயரையே சூட்டினார்.

ஆயினும் ‘ஒருவருக்கு மட்டும்’ என்ற விதி சில இடங்களில் மிகைக் கண்டிப்பு. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் செக்ரோல் ஏட்டை எண்ணுக. கணக்கப்பிள்ளையும் கங்காணியும் ஒன்றாகக் குனிந்து அதைப் படிப்பதால் கேடில்லை. எழுதுவினைஞர் ஒருத்தியின் அரைப்பேரை முழுப்பேராகத் திருத்தும் வேளையில் பாதித் திருத்தத்தைப் பார்த்தவர் கூட்டினாற்றான் கேடு. குறைவது அவளுடைய கூலி. படிப்போர் பலர் கூடலாம், எழுதுவோர் தனித்தே இருத்தல் வேண்டும். இவ்வழக்கைக் கூர்த்துவா, ஹெய்மன்ஸ், பார்னாஸ் ஆகிய மூவரும் 1971இல் முறையாக ஆராய்ந்து எழுதினர். இதிலிருந்து வந்ததே வாசிப்புப் பூட்டு.

‘படிக்கத்தானே போகிறோம்’ என்ற அலட்சியமே இதில் பெரிய பகை. வாசிப்புப் பூட்டைப் பிடித்திருப்பவர், அதை விடாமலே எழுத்துப் பூட்டையும் கேட்டால் என்னாகும்? எழுத்துப் பூட்டு, வாசிப்போர் அனைவரும் விலகும்வரை காத்திருக்கும், விலகாதவரோ கேட்டவரே. ஆதலின் முதலில் விட்டு, எழுத்துப் பூட்டைப் பெற்று, முன்பு படித்ததை மீண்டும் சரிபார்த்தல் வேண்டும். இடைவெளியில் வேறொருவர் திருத்தியிருக்கலாம் அன்றோ?

இன்னொரு பொறி நுட்பமானது. வாசகர் ஒருவர் உள்ளே இருக்கிறார். எழுதுபவர் வரிசையில் நிற்கிறார். உள்ளிருப்பவர் அழைத்த வேறொரு செயற்கூறு அதே பூட்டை மறுபடி வாசிக்கக் கேட்கிறது. வரிசை நியாயமானதாயின் அக்கோரிக்கை எழுதுபவருக்குப் பின்னே நிற்கும். எழுதுபவர் அவ்வாசகருக்காக நிற்பார். இருவரும் அசையார். வரிசையையே நீக்கிவிடலாம் எனின், வாசகர் ஓயாது வந்துகொண்டிருக்க எழுதுபவர் வாசலிலேயே காய்வார்.

குறுக்கீட்டின் கதையும் உண்டு. எழுத்துப் பூட்டைப் பிடித்த வேலையை நிறுத்தி, அதே புரொசெசரில் வலையமைப்புக் கருவியின் குறுக்கீடு நுழைகிறது. அதுவும் அதே பூட்டை வாசிக்கக் கேட்டுச் சுழல்கிறது. குறுக்கீடு முடியாமல் எழுதுபவர் தொடர இயலாது. அவர் முடிக்காமல் குறுக்கீடும் முடியாது. குறுக்கீடுகள் வாசிப்பதோடு நிற்குமிடத்தில், எழுதுபவர் மட்டும் அவற்றை அடைத்துக்கொண்டாற் போதும்; வாசகருக்கு அத்தேவையில்லை. லினக்ஸ் கருவில் 2014இல் வந்த வரிசைப் பூட்டு, காத்து நிற்கும் எழுதுபவரைக் கடந்து செல்லக் குறுக்கீட்டு வாசகருக்கு இடம் தருவதும் இதை முன்னிட்டே.

இத்தகைய சுழற்பூட்டைப் பிடித்தபடி உறங்கலாகாது என்பதும், பிழை கண்டு பாதியில் திரும்பும் வழியிலும் பூட்டை விட்டே செல்ல வேண்டும் என்பதும் எளிய விதிகளே, மறக்கப்படுவனவும் இவையே.

வாசகர் பூட்டே பிடிக்காத முறையொன்று 2002இல் லினக்ஸில் இடம்பெற்றது. எழுதுபவர் ஏட்டைப் படியெடுத்துத் திருத்தி, புதியதை மேசையில் வைக்கிறார். பழையதைப் படித்துக்கொண்டிருந்தோர் அனைவரும் எழுந்து சென்ற பின்னரே அது கிழிக்கப்படுகிறது. வாசகருக்குச் செலவு மிகச் சிறிது. ஆனால் அவரும் ஏட்டின்மேல் தலைவைத்து உறங்கிவிடக் கூடாது.