முந்திரி ஓட்டில் ஒரு சங்கதி

காசிமேட்டில் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டிவிட்டுப் பெயின்ட் அடிப்பார்கள். கடல்காற்றின் ஈரத்தில் பூச்சு சரியாகப் பிடிக்காது, அதுதான் தலைவலி. இதற்குக் கைகொடுக்கும் சரக்கு, பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்துவிட்டு ஒதுக்கும் ஓட்டில் இருக்கிறது. அந்த ஓட்டெண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தாலே தெரியும். அந்த எண்ணெயைச் சூடாக்கினால் அதிலுள்ள அனகார்டிக் அமிலம் கார்டனாலாக மாறும். கார்டனாலிலிருந்து செய்யும் ஃபீனால்கமைன் என்ற சேர்மம், எபாக்சி என்னும் பிசின் பூச்சை ஈர இரும்பின் மேலும் இறுக வைக்கிறது. கப்பல் பெயின்ட்டில் அதற்கு நல்ல கிராக்கி. சூடாக்காத அனகார்டிக் அமிலமோ, 1990களில் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வில் பல்சொத்தைக் கிருமியைக் கொன்றது. ஆய்வகத்தில்தான்! அதை நம்பி யாரும் ஓட்டைக் கடித்துவிடாதீர்கள், வாய் வெந்துவிடும்.