குழந்தைப் பருவ ரத்தப்புற்றும் சினைப்பையின் ஆயுளும்

பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுக்குரிய சினைமுட்டைகள் அனைத்தும் சினைப்பைக்குள் அமைந்துவிடுகின்றன. பிறப்பில் 10 முதல் 20 லட்சம். பூப்பெய்தும்போது மூன்று, நான்கு லட்சம். இருப்பு ஏறத்தாழ ஆயிரமாகச் சுருங்கும்போது மாதவிடாய் நின்றுபோகிறது. குழந்தைப் புற்றுகளில் முதலிடம் வகிக்கும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப்புற்று, இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் மிகுதியாக வருகிறது. 1960களின் தொடக்கத்தில் அக்குழந்தைகளில் பத்தில் ஒருவர்கூடப் பிழைத்ததில்லை. இன்று வளமான நாடுகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். பிழைத்தவளின் சினைப்பையில் மிஞ்சியிருப்பது எவ்வளவு என்பது அவள் திருமண வயதில்தான் பேசப்படுகிறது. நோய் கண்டறிந்த வாரத்திலேயே பேசப்பட வேண்டியது அது.

சினைப்பையைச் சிதைப்பது பெரும்பாலும் நோயன்று, சிகிச்சையே. அதிலும் எல்லா மருந்தும் ஒன்றல்ல. வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின், ஸ்டீராய்டு ஆகியவற்றால் முட்டைகளுக்கு நேரும் கேடு சிறிது. சைக்ளோபாஸ்பமைடு அளவு கூடக்கூட முட்டைகளை அழிக்கும். ஆனால் வழக்கமான ரத்தப்புற்றுச் சிகிச்சையில் அதன் மொத்த அளவு குறைவு. ஆகவே கீமோ எனும் மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்ற சிறுமியரில் பெரும்பாலோர் இயல்பாகப் பூப்பெய்துகிறார்கள், தாயாகவும் ஆகிறார்கள். கீமோ போட்டால் பிள்ளைப்பேறு இல்லை என்று அஞ்சும் வீடுகளுக்கு இச்செய்தி போய்ச் சேரவேண்டும்.

நோய் திரும்பி எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்படும்போது நிலை மாறுகிறது. அதற்கு முன் தரப்படும் புசல்ஃபான் மருந்தும் உடல் முழுவதற்குமான கதிர்வீச்சும் கொடியவை. முட்டைகளில் பாதியை அழிக்க 2 கிரேக்கும் (கிரே என்பது கதிரளவின் அலகு) குறைவான கதிரே போதும் என எடின்பரோவின் ஹாமிஷ் வாலஸ் குழு 2003இல் கணித்தது. முற்றிலும் மலடாக்கும் அளவு 10 வயதில் 18.4 கிரே, 30 வயதில் 14.3 கிரே. முழுவுடலுக்கு வழக்கமாகத் தரும் 12 கிரே இதைவிடக் குறைவு என்பதால் சிறு வயதினர் சிலருக்குச் சினைப்பை மீள்கிறது. ஆனாலும் அதன் ஆயுள் குறுகிவிடும். கதிர்பட்ட கருப்பை முழு அளவுக்கு வளர்வதில்லை. கருச்சிதைவும் குறைப்பிரசவமும் இதனால் கூடுகின்றன.

தலைக்குத் தந்த கதிர்வீச்சு வேறு வழியில் தீங்கு செய்தது. மெம்ஃபிஸ் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்டு பிங்கெல் 1960களில் மூளையுறையில் ஒளியும் புற்றணுக்களை அழிக்க அதைக் கையாண்டார். குணமடைவோர் விகிதம் பாதியளவுக்கு உயர்ந்தது. அதே கதிர் ஹைப்போதலாமஸையும் பிட்யூட்டரியையும் தொட்டது. சினைப்பை நன்றாக இருந்தும் அதை இயக்கும் ஆணை தளர்ந்தது. இன்று இம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டுள்ளது. மும்பை டாடா, தில்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு மையங்கள் 1980கள், 90களில் பின்பற்றிய எம்.சி.பி. 841 சிகிச்சைத் திட்டத்தில் அது இருந்தது. அன்றைய சிறுமியர் பலர் இன்று முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கும் பெண்கள். அவர்களைத் தேடிக் கண்டு பரிசோதிப்பது மருத்துவத் துறையின் கடன்.

மாதவிடாய் ஒழுங்காக வருவது முட்டை இருப்புக்குச் சான்றாகாது. குழந்தைப் புற்றிலிருந்து மீண்டவர்களில் 8 சதவீதத்தினருக்கு 40 வயதுக்குள் மாதவிடாய் நிற்பதாகவும், அவர்களின் உடன்பிறந்தவர்களில் இது 0.8 சதவீதமே என்றும் அமெரிக்க ஆய்வொன்று 2006இல் காட்டியது. ரத்தத்தில் சினைப்பை சுரக்கும் ஏ.எம்.எச். ஹார்மோனின் அளவு இருப்பைக் குறிப்பாக உணர்த்தும்; இளவயதில் அதை மட்டும் வைத்து முடிவுகட்டலாகாது. மாதவிடாய் முன்கூட்டியே நின்றால் எலும்பையும் இதயத்தையும் காக்க ஹார்மோன் சிகிச்சை வேண்டும். பெற்ற மருந்துகளின் பட்டியல் தாயின் பெட்டியில் மட்டுமன்றி, வளர்ந்த மகளின் கையிலும் இருக்கவேண்டும். திருமணத்துக்காக அதை மறைப்பது, தாய்மைக்குக் குறுகிய காலமே உள்ளவளின் காலத்தை மேலும் வீணாக்குகிறது.

பூப்பெய்தாத சிறுமிக்கு முட்டையைச் சேமிக்க வழியில்லை. சினைப்பைத் திசுவை உறையவைத்தல் ஒன்றே வழி. ரத்தப்புற்றில் அத்திசுவிலேயே புற்றணுக்கள் ஒளிந்திருக்கக்கூடும் என பெல்ஜிய ஆய்வு 2010இல் எச்சரித்தது. நோய் அடங்கியபின் எடுத்த திசுவை மீண்டும் பொருத்தி, ரத்தப்புற்றிலிருந்து மீண்ட பெண் ஒருவர் குழந்தை பெற்ற செய்தி 2018இல் இஸ்ரேலிலிருந்து வந்தது. ஆகவே நோய் அடங்குவதற்கும் மஜ்ஜை மாற்றுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே முடிவெடுக்கும் காலம்.

மீண்டவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளிடம் சிகிச்சையால் பிறவிக் குறைகள் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் டானோரூபிசின் வகை மருந்து இதயத்தைத் தளர்த்தக்கூடியது. எனவே அதைப் பெற்றவர்கள் கருவுறுமுன் இதய எக்கோ பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.