பாட்டனாரின் சவரக்கத்தி



நந்திதுர்க் என்றதும் பிறர்க்கு ஒரு மலை நினைவுக்கு வரும். கோலார் தங்கவயலில் பிறந்த எங்களுக்கோ அது ஒரு சுரங்கத்தின் பெயர். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இவ்வயலில் காலூன்றிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே குடியேறின. பாறையைக் குடைந்தவர்களோடு, அவர்களுக்கு முகம் மழித்தவர்களும் வந்தனர். எங்கள் பாட்டனார் அவ்வாறு வந்தவர்.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, எங்கள் லைன் வீட்டுத் தகரப் பெட்டியின் அடியில் அவருடைய கத்தி அகப்பட்டது. அலகு முழுவதும் துரு. கொம்புப் பிடி வறண்டிருந்தது. அடிப்பகுதியில் மட்டும் 'ஷெஃபீல்டு' என்ற முத்திரை மங்கலாகத் தெரிந்தது.

"சாணைச் சக்கரத்தில் ஒரு முறை பிடித்தால் பளபளத்துவிடும்" என்றார் என் மாமா. பளபளக்கும் என்பது உண்மையே. ஆனால், சவரக்கத்தியின் வாய் மிக மெல்லியது. சுழலும் கல்லில் அது கணப்பொழுதில் சூடேறும். சுமார் 300 பாகை செல்சியஸில் உருக்கின்மேல் நீலம் படரும். நீலம் பாய்ந்த இடத்தில் கடினம் குறைந்துவிட்டது என்று பொருள். பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிலைக்காது. ஆகவே கையாலேயே செய்வதென்று துணிந்தேன்.

முதலில் வாயில் விரிசல் உண்டா என்று வெளிச்சத்தில் பார்த்தேன். விரிசல் கண்ட கத்தியைத் தீட்டிப் பயனில்லை. பிறகு ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்து, வாயின்மேல் ஒட்டுத்துணி சுற்றி, மென்மையான எமரித்தாளால் முதுகிலிருந்து வாயை நோக்கியே தேய்த்தேன். முத்திரையின் பக்கம் தாளைக் கொண்டுபோகவில்லை. கொம்புப் பிடிக்கு எண்ணெய் பூசினேன். தளர்ந்த ஆணியைச் சிறு சுத்தியால் மெல்லத் தட்டி இறுக்கினேன்.

அடுத்தது தீட்டுதல். இக்கத்தியில் ஒரு நுட்பம் உண்டு. அலகைக் கல்லின்மேல் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒருங்கே கல்லைத் தொடும். தீட்டும் கோணத்தை முதுகே காத்துக்கொள்ளும். நீர் தெளித்த 1000 எண் கல்லில் தொடங்கி 8000 எண் கல்லில் முடித்தேன். கல்லில் வாய் முன்செல்ல வேண்டும். தோல்வாரிலோ முதுகு முன்செல்ல வேண்டும். இதை மாற்றினால் வாரும் அறுபடும், கூரும் கெடும்.

ஷெஃபீல்டில் மூசையில் உருக்குக் காய்ச்சும் முறையை ஹண்ட்ஸ்மன் கண்டது 1740-களில். தென்னாட்டுக் கொல்லர்களோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே மூசையில் உருக்குச் செய்தவர்கள். 'வூட்ஸ்' எனப்பட்ட அந்த உருக்கை 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் கத்தித் தொழிலர் ஸ்டோடார்ட்டும் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயும் ஆராய்ந்தனர். அப்பெயர் கன்னடத்து 'உக்கு' என்ற சொல்லிலிருந்து வந்ததென்பர். நம் 'உருக்கு' அதற்கு உறவுச்சொல்.

மும்பையிலோ தில்லியிலோ வாழும் உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இத்தகைய கத்தி கிடக்கலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: ஒருவர் பயன்படுத்திய கத்தியை மற்றவர் முகத்தில் வைக்கலாகாது, இரத்தத்தால் பரவும் நோய்கள் உண்டு. இன்று கடைகளில் ஆளுக்கொரு புது அலகு மாற்றுவது இதற்காகவே.

பாட்டனாரின் கத்தி இப்போது முழங்கை மயிரைத் தொட்ட மாத்திரத்தில் அறுக்கிறது. அலகில் இரண்டு கரும்புள்ளிகள் மட்டும் போகவில்லை. இன்னும் தேய்த்தால் அவை போகும். ஆனால் முத்திரையும் அவற்றோடு போய்விடும். மாமாவிடம் காட்டினேன். அவர் கட்டைவிரலால் முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார்.