செல்வ வரி ஏன் செத்தது?

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



வருமானம் வேறு, செல்வம் வேறு. உழைத்த நாளுக்குக் கிடைப்பது கூலி. நிலமாகவும் வீடாகவும் நகையாகவும் பங்குப் பத்திரமாகவும் சேர்ந்து நிற்பது செல்வம். வேலை நின்றால் கூலி நின்றுவிடும். செல்வமோ உடையவர் உறங்கும்போதும் வளரும். அவர் மறைந்தபின் வாரிசுகளைச் சேரும். ஏற்றத்தாழ்வு தலைமுறை தாண்டிச் செல்லும் வழி இதுவே.

தேசிய மாதிரி ஆய்வின் 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி, கிராமப்புறக் குடும்பமொன்றின் சராசரிச் சொத்து ஏறத்தாழ 16 லட்சம் ரூபாய். நகர்ப்புறத்தில் 27 லட்சம். நிலமற்ற விவசாயத் தொழிலாளியின் குடிசையையும் பெருநிலவுடைமையாளரின் தோட்டத்தையும் கூட்டி வகுத்த சராசரி இது. கிராமப்புறச் சொத்தில் சுமார் 90 விழுக்காடு நிலமும் கட்டடமுமே எனும்போது, நிலமில்லாதவருக்கு மிஞ்சுவது என்ன என்பது சொல்லாமலே விளங்கும்.

பெருமுதலாளிகளோ மாதிரி ஆய்வுகளில் அரிதாகவே அகப்படுவர். எனவே உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம், இவ்வாய்வுகளோடு பெருஞ்செல்வர் பட்டியல்களையும் இணைத்துக் கணக்கிட்டது. 1961இல் நாட்டின் செல்வத்தில் சுமார் 13 விழுக்காடாக இருந்த உச்சி 1 விழுக்காட்டினரின் பங்கு, 2022-23இல் 40 விழுக்காட்டைத் தொட்டது. கீழ்ப்பாதி மக்களிடம் இருப்பதோ 6.4 விழுக்காடு மட்டுமே.

இது இயற்கையின் நியதியன்று. ஆளும் வர்க்கத்தின் கொள்கை. 1953இல், இறந்தோர் விட்டுச்செல்லும் சொத்தின் மீது எஸ்டேட் வரி வந்தது. நிக்கோலஸ் கால்டோரின் பரிந்துரையைத் தொடர்ந்து 1957இல் செல்வ வரி வந்தது. 1985இல் எஸ்டேட் வரி நீக்கப்பட்டது. தாராளமயம் தொடங்கியபின், 1993இல் பங்குப் பத்திரங்களுக்குச் செல்வ வரியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பெருமுதலாளியின் செல்வம் பெரிதும் எதில் குவிந்திருந்ததோ, அதுவே வரிக்கு அப்பால் சென்றது. கார், நகை, நகர்ப்புற மனை போன்றவையே எஞ்சின.

விளைவு? 2013-14இல் நாடு முழுவதும் வசூலான செல்வ வரி 1,008 கோடி ரூபாய். வசூல் செலவு அதிகம், வரவு குறைவு என்று கூறி 2015 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி அவ்வரியையே ஒழித்தார். காலை ஒடித்துவிட்டு நொண்டி என்று ஏசிய கதை! ஈடாக, ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளோர் மீது 2 விழுக்காடு கூடுதல் தீர்வை விதிக்கப்பட்டது. ஆனால் பங்கின் விலை எத்தனை மடங்கு உயர்ந்தாலும், விற்கும்வரை அந்த உயர்வு வருமானக் கணக்கில் ஏறுவதில்லை.

செல்வ வரி என்றதும், "ஏழையின் தாலிக்கும் குடிசைக்கும் ஆபத்து" என்று கூக்குரல் எழுகிறது. உச்சியில் இருப்போரை மட்டும் தொடும்படி வரம்பை உயர்த்தி வைத்தால், அந்த அச்சத்திற்கு இடமில்லை. மருத்துவச் செலவுக்காக நகையை அடகு வைத்து மீட்க இயலாமல் இழக்கும் குடும்பம், செல்வ வரியால் எதையும் இழக்கப்போவதில்லை. அவ்வரிப் பணத்தில் எழும் அரசு மருத்துவமனையால் அந்நகையையே காத்துக்கொள்ளும்.

செல்வம் சிலரிடம் குவிந்து பொதுநலனுக்குக் கேடு விளையக்கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவு அரசுக்குக் காட்டும் நெறி. பங்குப் பத்திரங்களையும் உள்ளடக்கிய செல்வ வரியும் வாரிசுச் சொத்து வரியும் வேண்டும் என்பதை, தோழர்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எளிய கணக்கோடு விளக்க வேண்டும். கணக்கு புரிந்த மக்களே கோரிக்கையைப் போராட்டமாக்குவர்.