பிழையைத் தானே காட்டும் கட்டங்கள்



முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு ஆசிரியனாகவும், அவற்றுள் கடைசிப் பதினோர் ஆண்டுகள் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அவ்வளவு காலமும் என் மேசையை விட்டு நீங்காதிருந்த பொருள் ஒன்று உண்டென்றால், அது திருத்த வேண்டிய நோட்டுப் புத்தகங்களின் அடுக்குதான். ஐம்பது பிள்ளைகள், ஆளுக்குப் பத்துக் கணக்கு, ஆக ஐந்நூறு. திங்கட்கிழமை வாங்கிய நோட்டுகளைப் புதன்கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டால் சுறுசுறுப்பான வாத்தியார் என்று பெயர் கிடைக்கும். புதன்கிழமை அந்தப் பையன் என்ன செய்வான்? நோட்டைத் திறப்பான், அடியில் வட்டமிட்ட மதிப்பெண்ணைப் பார்ப்பான், மூடி வைப்பான். திங்களன்று ‘ஏழெட்டு ஐம்பத்து நான்கு’ என்று எழுதிய கை, செவ்வாய் முழுவதும் அதையே மெய்யென்று நம்பிக்கொண்டிருந்தது. புதனன்று நான் போட்ட சிவப்பு மைக் குறி அந்த நம்பிக்கையை அசைத்ததா என்றால், பெரும்பாலும் இல்லை.

இந்தக் குறை எனக்கு மட்டும் தோன்றியதன்று. 1953ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூல் அறிஞர் ஸ்கின்னர், தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கச் சென்றிருந்தார். தாங்கள் எழுதிய விடை சரியா, தவறா என்று அறியாமலே பிள்ளைகள் அடுத்த கணக்குக்குப் போவதைக் கண்டு மனம் பொறாமல், விடையை உடனே சரிபார்த்துச் சொல்லும் பெட்டியொன்றைச் செய்யத் தொடங்கினார். அவருக்கு முன்னரே, 1920களில், பிரெஸ்ஸி என்பவர் அதுபோன்றதொரு பொறியைச் செய்து காட்டியிருந்தார். அந்தப் பெட்டிகள் பள்ளிகளில் வேரூன்றவில்லை. ஆயின் அவற்றுக்கெல்லாம் மூத்ததும், எனக்கு மிகவும் உகந்ததுமான ஒரு கருவி மரத்தால் ஆனது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். அவர்களுடைய முறையில் ஒரு மரக்கட்டை உண்டு. அதில் பத்துக் குழிகள். அவற்றுக்குரிய பத்து உருளைகள். குழந்தை ஓர் உருளையைத் தனக்குரியதைவிடப் பெரிய குழியில் போட்டுவிட்டால், கடைசியில் ஓர் உருளை எதிலும் புகாமல் கையில் மிஞ்சும். யாரும் ‘தவறு’ என்று சொல்ல வேண்டியதில்லை. உருளையே சொல்லிவிடும். குழந்தையும் முகம் வாடாமல் மறுபடி தொடங்கும்.

ஆசிரியப் பயிற்சியின்போது நான் படித்த இந்த மரக்கட்டை, ஓய்வு பெற்ற பிறகு ஒரு கணினித் திரையில் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

விரிதாள் என்பதை நேயர்களில் பலர் அறிவீர்கள். அலுவலகங்களில் எக்செல் என்று சொல்லிக்கொண்டு சம்பளப் பட்டியல் போடுகிறார்களே, அதுதான். 1979இல் பிரிக்லின், பிராங்க்ஸ்டன் என்ற இருவர் ஆக்கிய ‘விசிகால்க்’ என்பதிலிருந்து இந்த வமிசம் பரவியது. நிரையும் நிரலுமாகக் கட்டங்கள்; ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணோ, சொல்லோ, சூத்திரமோ இருக்கும். 1997ஆம் ஆண்டின் எக்செல் பதிப்பில் இதனோடு ஒரு வசதி சேர்ந்தது. கட்டத்தில் உள்ளது இன்ன நிபந்தனைக்கு உட்பட்டால் இன்ன நிறம் கொள்க என்று விதித்துவிடலாம். அதற்குக் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்று பெயர். நாம் நிபந்தனை வடிவமைப்பு என்போம். கணக்கர்கள் வரவுக்கு மிஞ்சிய செலவைச் சிவப்பாக்கிக் காண இதைப் பயன்படுத்துகிறார்கள். விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸிலும் இந்த வசதி உண்டு.

வானொலியில் திரையைக் காட்ட இயலாது. ஆகவே மனக்கண்ணில் ஒரு தாளை விரித்துக்கொள்ளுங்கள். முதல் நிரலில் ஏழு, இரண்டாவது நிரலில் எட்டு, மூன்றாவது நிரல் காலி. பிள்ளை அங்கே பெருக்கற்பலனை இட வேண்டும். இப்படிப் பத்து வரிகள். மூன்றாம் நிரலின் பத்துக் கட்டங்களையும் ஒருசேரத் தேர்ந்துகொண்டு, ‘இந்தக் கட்டத்து எண் முதலிரண்டின் பெருக்கற்பலனுக்குச் சமமானால் பச்சை’ என்று சூத்திரமாக ஒரு விதி எழுதுகிறோம். ‘ஏதேனும் எழுதியிருந்து, அது சமமில்லையானால் சிவப்பு’ என்று இன்னொன்று. விதியை முதல் வரிக்கு எழுதினால் போதும். மற்ற வரிகளுக்குக் கணினி தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் கட்டத்தின் பெயருக்கு முன்னே டாலர் குறியைப் போட்டுப் பூட்டிவிட்டால் அது மாறாது. பத்து வரிகளின் விடைகளும் முதல் வரியோடு ஒப்பிடப்பட்டு, வகுப்பே சிவந்து நிற்கும். முதல் நாள் எனக்கு அப்படித்தான் நடந்தது.

இரண்டாம் நாள் வேறொரு வேடிக்கை. ‘ஏழு பெருக்கல் சுன்னம்’ என்றொரு கேள்வி வைத்திருந்தேன். பிள்ளைகள் வந்து உட்காரும்போதே அந்தக் கட்டம் பச்சையாக இருந்தது! காலிக் கட்டத்தைக் கணினி சுன்னமாக எண்ணிக்கொள்கிறது, விடையும் சுன்னம், எனவே ஒன்றுமே எழுதாதவனுக்கும் பாராட்டு. பச்சை விதியிலும் ‘கட்டம் காலியாக இல்லாவிடில்’ என்ற சொற்களைச் சேர்த்தே ஆக வேண்டும். ஆங்கில ஆசிரியர்களுக்கு வேறு வகைத் தொல்லை. சொல்லின் பின்னே ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்தால், கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியாமலே விடை சிவக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையோ சமக்குறி பொருட்படுத்தாது. ஊர்ப்பெயரைச் சிறிய எழுத்தில் தொடங்கினாலும் பச்சைதான். இவற்றுக்குத் தனித்தனிச் சூத்திரங்கள் உள்ளன. தேடிக்கொள்வது கடினமன்று.

நான் சொல்ல விரும்புவது இவற்றைவிடக் கனமான இரண்டு செய்திகள்.

எங்கள் ஊர்ப் பள்ளியின் கணினி அறைக்கு வாரம் இருமுறை மாலையில் போகிறேன். அங்கே ஒரு பையன் பத்தும் பச்சையாக முதலில் முடித்தான். வாய்பாட்டில் பின்தங்கியவன் என்று பெயரெடுத்தவன். மகிழ்ந்துபோய் அவன் பின்னால் நின்று அடுத்த தாளைக் கவனித்தேன். ஏழெட்டுக்கு 54 என்று இட்டான், சிவப்பு. 55, சிவப்பு. 56, பச்சை. அவன் வாய்பாட்டைத் தேடவில்லை, பச்சையைத் தேடிக்கொண்டிருந்தான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வழியைத் திறந்து வைத்தவன் நான்தானே! மறுநாள் விதியை மாற்றினேன். பத்துக் கட்டங்களும் நிரம்பினாலன்றி எந்த நிறமும் தோன்றக் கூடாது. எத்தனை கட்டங்களில் எண் உள்ளது என்று எண்ணுவதற்குக் ‘கவுண்ட்’ என்ற சூத்திரம் இருக்கிறது. அது பத்தைத் தொட்ட பிறகே வண்ணம். சிவந்த கணக்குகளை நோட்டில் செய்து பார்த்துவிட்டே திரும்ப இட வேண்டும் என்பது வகுப்பின் கட்டளை. இதைக் கேட்டுவிட்டு எல்லாத் தாள்களையும் இப்படியே பூட்டிவிடாதீர்கள். புதிதாகக் கற்கும் குழந்தைக்கு, அதிலும் பயந்த குழந்தைக்கு, ஒவ்வொரு விடைக்கும் உடனே நிறம் வருவதே நல்லது. பத்துப் பிழைகளை ஒருசேரக் கண்டால் அது எழுந்து போய்விடும்.

இரண்டாவது செய்தியைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பின்னக் கூட்டலுக்கு ஒரு தாள் செய்திருந்தேன். அரையும் காலும் கூட்டினால் என்ன? வகுப்பில் வாய் திறவாத ஒரு சிறுமி 3/4 என்று இட்டாள். சிவப்பு. அழித்தாள், யோசித்தாள், 2/6 என்று இட்டாள். அதுவும் சிவப்பு. அத்துடன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் இதை அப்போது பார்க்கவில்லை. மாலையில் அவள் நோட்டைப் புரட்டியபோது, 3/4 என்று அழகாக எழுதி, அதைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் 2/6 என்று எழுதியிருந்தது. மேலெண்களைத் தனியே, கீழெண்களைத் தனியே கூட்டுகிற அந்தப் பழைய பிழை! சரியாகத் தெரிந்த ஒன்றை விட்டு, தவறான ஒன்றுக்கு அவளைத் தள்ளியது எது?

கணினியில் அவள் செய்ததை நானும் செய்து பார்த்தேன். 3/4 என்று தட்டியதும் எக்செல் அதைத் தேதியாகக் கொண்டு ஏப்ரல் 3 என்று மாற்றிக்கொண்டது. உள்ளே அது ஒரு பெரிய நாள்கணக்கு எண். அது முக்காலுக்கு எப்படிச் சமமாகும்? எழுதியது வேறாக மாறுவதை அவள் கண்டிருக்கிறாள்; கணினியின் வழக்கம் போலும் என்று விட்டுவிட்டாள். ஏன் என்னைக் கேட்கவில்லை என்று மறுநாள் விசாரித்தேன். “கம்ப்யூட்டரே தப்பு என்று காட்டிவிட்டதே சார்” என்றாள். வாத்தியார் தவறு என்று சொல்லியிருந்தால், ஒருவேளை மறுத்துக் கேட்டிருப்பாள். சிவந்த கட்டத்திடம் யார் வாதாடுவது? வகுப்பின் முன்னே அவளை நிறுத்தி, “உன் விடை சரி அம்மா, என் விதிதான் தவறு” என்று சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பின்னத்துக்கு முன்னே சுன்னமும் ஓர் இடைவெளியும் இட்டால் தேதியாக மாறாது என்று ஒரு வழி உண்டு. பிள்ளைகளிடம் அதை நம்பி விடுவதற்கில்லை. ஆகவே விடைக்கு இரண்டு கட்டங்கள் வைத்தேன்: மேலே தொகுதி, கீழே பகுதி. குறுக்குப் பெருக்கலால் சரிபார்க்கும் விதி: தொகுதியின் நான்கு மடங்கு, பகுதியின் மூன்று மடங்குக்குச் சமமா? இரண்டும் காலியாக இருந்தால் சுன்னமும் சுன்னமும் சமமாகிவிடும் என்பதை இம்முறை மறக்கவில்லை; பகுதி சுன்னத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று சேர்த்தேன். இதில் ஓர் ஆதாயமும் கிடைத்தது. 6/8 என்று எழுதியவனும் தப்பினான். விடைத்தாளை மட்டும் வைத்து ஒப்பிடும் விதி அவனை அநியாயமாகச் சிவப்பாக்கியிருக்கும். ஆனால் அவன் சுருக்கவில்லையே? அதற்கு மஞ்சள். மதிப்பு சரியாக இருந்து, மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் மீப்பெரு பொது வகுத்தி ஒன்றாக இருந்தால் பச்சை. ஒன்றைவிடப் பெரிதாக இருந்தால் மஞ்சள்.

இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் இந்தக் கருவியின் அருமை எனக்கு விளங்கியது. சரி, தவறு என்று பிரிப்பதோடு ஏன் நிற்க வேண்டும்? அரையையும் காலையும் கூட்டி 2/6 என்று எழுதுகிற பிள்ளை, தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டியிருக்கிறது என்று எந்த வாத்தியாருக்கும் தெரியும். அந்தப் பிழையை முன்கூட்டியே சூத்திரமாக எழுதி வைக்கலாமே! அவ்விதமே செய்தேன். தொகுதிகளின் கூட்டலும் பகுதிகளின் கூட்டலும் விடையாக வந்திருந்தால் கட்டம் ஆரஞ்சு நிறமாகும். பக்கத்துக் கட்டத்தில் ‘கீழெண்களையும் கூட்டிவிட்டாயோ? அரை ரொட்டியையும் கால் ரொட்டியையும் வரைந்து பார்’ என்று ஒரு வரி தோன்றும். இதை எழுதக் கணினி அறிவு சிறிதுதான் வேண்டும். எந்தப் பிள்ளை எப்படித் தவறுவான் என்ற அறிவு நிறைய வேண்டும். அது நம் நோட்டு அடுக்குகளில் இருக்கிறது. கழித்தலில் கடன் வாங்க மறப்பவன், 0.5ஐவிட 0.12 பெரிது என்பவன், இவர்களெல்லாம் ஆண்டுதோறும் நம் வகுப்புக்கு வருகிறவர்கள் அல்லவா?

சில சிறு குறிப்புகள் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். சில பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் பையன்களுக்கு, சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரிவதில்லை. அவர்கள் அதை வெளியே சொல்வதுமில்லை. நீலமும் ஆரஞ்சும் வைத்துக்கொள்வதோ, நிறத்தோடு ஒரு குறியையும் பக்கத்தில் தோன்றச் செய்வதோ நலம். விடைக் கட்டங்களைத் தவிர்த்து மற்றவற்றைப் பூட்டி, தாளுக்குக் காவல் போடுங்கள். இல்லையேல் விதியைத் திறந்து விடையைப் படித்துவிடுவார்கள். அப்படிப் படிக்கத் தெரிந்த ஒருவனைப் பிடித்தபோது, அவனைத் தண்டிக்காமல் கீழ்வகுப்புக்கு ஒரு தாள் செய்யச் சொன்னேன். இப்போது ஏழெட்டுப் பேர் அப்படிச் செய்கிறார்கள். சின்னவர்கள் எங்கே தவறுவார்கள் என்று அவர்கள் உட்கார்ந்து தர்க்கம் செய்வதைக் கேட்க எனக்கு ஆசை; அறைக்கு வெளியே சற்று நின்றுவிட்டே உள்ளே போகிறேன்.

அவர்களுள் அந்தச் சிறுமியும் ஒருத்தி. சென்ற மாதம் அவள் செய்து கொண்டுவந்த தாளின் முதல் வரியில் கணக்கு எதுவும் இல்லை. ‘சிவப்பு வந்து, உன் விடை சரி என்று உனக்குத் தோன்றினால், அழிக்காமல் சாரைக் கூப்பிடு’ என்று எழுதியிருந்தாள். அதைக் கேட்டு வாங்கி, என் தாள்கள் அனைத்திலும் முதல் வரியாக இட்டு வருகிறேன்.