வலசைப் பறவையும் கால் வளையமும்



புரட்டாசி பிறந்துவிட்டால் இவ்வடபுலத்துக் காலனியின் குழாயடியில், வாலை மேலும் கீழும் அசைத்தவண்ணம் ஒரு சிறு பறவை வந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அதுவே வாலாட்டி. கோடையில் இமயத்திலும் அதற்கு வடக்கிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு அஞ்சித் தெற்கே வருவது. சென்ற ஆண்டு வந்த அதே பறவைதானோ இது என்று எவரேனும் வினவினால் யாது விடை கூறுவோம்? நூறு வாலாட்டிகளும் நம் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

இதற்கு 1899-இல் டென்மார்க்குப் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன் ஒரு வழி கண்டார். எண் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனத்துப் பறவைகள் 165-இன் கால்களில் பூட்டிப் பறக்கவிட்டார். நம் நாட்டில் இப்பணியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் மேற்கொண்டது. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் சாலிம் அலி அவர்கள் இதனைப் பெரிய அளவில் நடத்தத் தொடங்கினார்கள். பறவைகளின்மேல் ஒட்டிவரும் உண்ணிகள் நோயைக் கொணர்கின்றனவா என அறிவது அன்றைய நோக்கம். 1957-இல் மைசூர் மாநிலத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகளையும் மனிதரையும் மாய்த்த காய்ச்சலே அவ்வையத்திற்கு வித்து.

பறவையைப் பிடிக்கும் முறை மிக நுட்பமானது. வைகறையில் இரு கழிகளுக்கிடையே மயிரிழை போன்ற கருநூல் வலையைக் கட்டுவர். மோதிய பறவை வலையின் மடிப்பில் வீழ்ந்து கிடக்கும். அடிக்கடி சென்று பார்த்தல் வேண்டும். வெயிலேறும்வரை தாமதித்தால் உயிர் போய்விடும். சிக்கிய காலையும் இறகையும் ஒவ்வொன்றாக விடுவித்து, துணிப்பையிலிட்டுக் கொணர்ந்து, வளையம் பூட்டி, இறக்கையை அளந்து, எடை பார்ப்பர். சிறு கதிர்க்குருவியின் எடை பத்துப் பன்னிரண்டு கிராமே. பின்னர் வயிற்றுத் தூவியை வாயால் ஊதி விலக்கினால் தோலுக்கடியில் கொழுப்பு மஞ்சளாகத் தெரியும். நெடும்பயணத்திற்கு அதுவே கட்டுச்சோறு! இத்தனையும் முடிந்தவுடன் பறக்கவிடுவர்.

நம் கோடிக்கரையிலும் கழகத்தார் இவ்வாறு வளையமிட்டு வந்துள்ளனர். அங்கே அகப்படுவனவற்றுள் ஆறுமணிக் குருவி நமக்கு உறவு போன்றது. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் கூவுவதால் இப்பெயர். இமய அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவிலும் பிறந்து, குளிர்காலத்தைத் தமிழகத்திலும் ஈழத்திலும் கழிப்பது. நாம் விடுப்புக்கு விண்ணப்பித்து, இடம் பதிவு செய்து, இரண்டு இரவு அமர்ந்து செல்லும் வழியை அது இராக்காலத்தில் சிறகால் கடக்கின்றது. களைத்துப்போய் வீட்டுக் கூடத்தில் வந்து விழுவதும் உண்டு.

சரக்கு வண்டியின் எண்ணை ஒரு நிலையத்தில் ஒருவர் குறிப்பார். தொலைவிலுள்ள மற்றொரு நிலையத்தில் வேறொருவர் குறிப்பார். இருவரும் சந்தித்ததில்லை, எனினும் வண்டி சென்ற வழி விளங்கிவிடும். வளையமும் அத்தகையதே. சாம்பல் வாலாட்டி ஆண்டுதோறும் அதே சிறு புல்தரைக்குத் திரும்புவது இவ்வாறே தெரியவந்தது. ஆனால் வளையமிட்ட சிறு பறவைகளுள் மீண்டும் கண்ணில் படுவன மிகச் சிலவே. கண்டவரும் எழுதாமற்போனால் அத்தனை உழைப்பும் வீண்.

ஆதலின், கவணும் கையுமாகத் திரியும் நம் பிள்ளைகளிடம் இதனைச் சொல்லிவையுங்கள். வளையம் பூண்ட பறவை உயிருடன் கிடைத்தால் எண்ணைப் படித்துக்கொண்டு வளையத்தோடு விட்டுவிடுக. இறந்து கிடந்தால் வளையத்தைக் கழற்றி, நாளும் இடமும் எழுதி, மும்பையிலுள்ள அக்கழகத்திற்கு அனுப்புக. எண்ணை இருமுறை சரிபார்த்தல் நலம். ஓர் இலக்கம் பிழைத்தாலும் வேறொரு பறவையின் கணக்கில் ஏறிவிடும்.