எலுமிச்சை இலைக்குள் ஒரு நாடா

பொதட்டூர்பேட்டையில் எங்கள் தெருவில் கரண்ட் போனால்தான் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழும், அத்தனை விசைத்தறிகள். அப்படிக் கரண்ட் போன ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கூப்பிட்டார். "வாத்தியாரே, எலுமிச்சைத் தளிரெல்லாம் நத்தை ஊர்ந்து கோடு கோடா கெடக்குது. உப்பு தூவட்டுமா?"

வளைந்து வளைந்து ஓடும் அந்த வெள்ளிக் கோட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நத்தைத் தடம் என்றால் துடைத்தால் போய்விடும். இது போகாது. கோடு இருப்பது இலைத் தோலுக்கு அடியில்.

இலைத்துளைப்பான் என்ற அந்துப்பூச்சியின் புழு செய்யும் வேலை இது. 1856இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் கல்கத்தாவில் கிடைத்த பூச்சியைப் பார்த்து விவரித்து, ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்று பெயர் வைத்தார். பெயரை விடுங்கள். இலையை வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள், அதுதான் வேடிக்கை. கோடு ஓர் இடத்தில் மயிரிழையாகத் தொடங்கும்; முட்டை பொரிந்த இடம் அது. போகப் போக அகலும், புழு வளர்ந்திருக்கிறது. நடுவில் கருப்பாக ஓர் இழை தெரிகிறதா? அது புழுவின் எச்சம்! கோடு முடிகிற இடத்தில்தான் ஆள் இருப்பார்: காலே இல்லாத, மஞ்சள் நிறப் புழு.

பெரியம்மாவிடம் லென்ஸைக் கொடுத்தேன். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்த கண். "அடே, நாடா ஓடுற மாதிரி தலையை இப்படியும் அப்படியும் வீசுதே!" என்றார். நான் புத்தகத்தில் படித்ததை அவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். தலையை வீசி வீசித்தான் அது இலைத்தோலைக் கிழித்துச் சாற்றைக் குடிக்கிறது.

வளர்ந்ததும் இலை ஓரத்துக்கு வந்து, பட்டு இழையால் ஓரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆகிறது. அந்த இலையை ஒரு பாட்டிலில் போட்டு வைத்தோம். சில நாளில் வெளிவந்தது ஜரிகைத் துணுக்குபோல ஒரு பூச்சி. இறக்கையை விரித்தாலும் அரை சென்டிமீட்டர் வராது. நுனியில் கருப்பாக ஒரு பொட்டு.

இந்தத் துணுக்கு 1993இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா தோட்டங்கள்வரை போய்விட்டது. நாற்றங்காலில் இருக்கும் கன்றுக்குத் தொல்லைதான். காயத்தின் வழியே சொறிநோயும் நுழையும். வளர்ந்த மரம் தாங்கிக்கொள்ளும். வீட்டு எலுமிச்சைக்கு அவசரப்பட்டு மருந்து அடிக்காதீர்கள். நாளைக் காலை ஒரு தளிரைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.